இப்ப புடி!

நேற்று புதுச்சேரியில் கிளப் நண்பர்களோடு டைவிங். முகத்துவாரம் தாண்டியதுமே சின்னப் படகைக் கடல் தூக்கித் தூக்கிப் போட்டது. படகோட்டி அண்ணன் மட்டும் நிதானமாக, ஒவ்வொரு அலைக்கும் இன்ஜினைக் குறைத்து ஏற்றி இறக்கினார்.

மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் ஒரு கையால் அழுத்திக்கொண்டு பின்பக்கமாகச் சரிந்தேன். 18 மீட்டர் ஆழத்தில் அப்படியொரு அமைதி!

திரும்பி ஏறுவதுதான் பெரும்பாடு. உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்க வேண்டும். நங்கூரக் கயிறு வெட்டி வெட்டி இழுத்ததில் உள்ளங்கை சிவந்துவிட்டது. மேலே வந்தால், ஏணி அலையோடு எழும்பித் தலைக்கு நேராக இறங்குகிறது.

"தம்பி, இரு... இரு... இப்ப புடி!"

பிடித்தேன். கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

இரண்டாவது டைவ் வேண்டாம் என்று அவரே சொன்னார். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அந்தக் கைக்கு நன்றி, அண்ணா.