கயிறு கட்டி இழுத்த காரும் செத்துப்போன பாட்டரியும்

அமெரிக்காவுல இருக்கிற சித்தப்பா பையன் போன வாரம் போன் பண்ணினான். மோட்டார்ஹோம்னு பஸ் சைஸுல ஒரு வண்டி இருக்கே, கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே வச்சு, அதுக்குப் பின்னாடி தன் காரைக் கோத்துக்கிட்டு ஊர் சுத்தப் போனானாம். சாயங்காலம் போய்ச் சேர்ந்தா கார் பாட்டரி காலி. "நாள் பூரா ஓடிக்கிட்டுத்தானேண்ணே வந்துச்சு, எப்படி?"

எனக்கு ஆலப்பாக்கம் ஞாபகம் வந்துடுச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே.

2008 டிசம்பர். நிஷா புயல் போய் பத்து நாள் இருக்கும். சிதம்பரத்துல கல்யாணம் முடிஞ்சு கடலூர் கிளம்பும்போது எங்க பழைய கார் டைமிங் பெல்ட் அறுந்துபோச்சு. அங்கேயே விட்டுட்டு பஸ்ல போலாம்னேன். அப்பா கேட்கலை. கல்யாணத்துக்கு சீரியல் செட் போட்ட குட்டியானை ஒண்ணு கடலூர் ஓ.டி.க்குத் திரும்பிக்கிட்டு இருந்தது. அதுல கயிறு கட்டியாச்சு. அப்பா ஸ்டீயரிங், நான் பக்கத்துல, அம்மா பின் சீட்டுல.

சாவியை எடுத்தா ஸ்டீயரிங் பூட்டிக்கும், அதனால சாவி ஆன்லயே இருந்தது. பு.முட்லூர் தாண்டினதும் இருட்டும் மழையும். வைப்பர், நாலு பக்கமும் மினுக்குற லைட், ஹெட்லைட். "ஹெட்லைட்டாவது அணைங்கப்பா"ன்னேன். "லைட் இல்லாத வண்டி எவன் கண்ணுக்குடா தெரியும்?"

இப்ப கணக்குப் போட்டா எல்லாம் சேர்ந்து 200 வாட்டுக்கு மேல. 12 வோல்ட்டுல 17, 18 ஆம்பியர். பாட்டரியோ 35 ஆம்பியர்-அவர், அதுவும் பழசு. இருபது கிலோமீட்டர் வேகத்துல ரெண்டு மணி நேரம் எப்படித் தாங்கும்?

ஆலப்பாக்கம் கிட்ட எல்லா லைட்டும் மஞ்சளாகி, அப்புறம் ஒண்ணுமே இல்லை. பின்னாடி ஒரு பஸ். ஹாரன், டயர் கிறீச்... எங்க பம்பருக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்னுச்சு. அம்மா வாயிலிருந்து "நடராஜா" மட்டும்தான் வந்தது.

குட்டியானை டிரைவர் இறங்கி வந்தார். "ஐயா, சக்கரம் சுத்தினா பாட்டரி ஏறாது. எஞ்சின் சுத்தினாதான் ஆல்டர்னேட்டர் சுத்தும்." எங்க எஞ்சின்தான் தூங்குதே! அவர் வண்டியில சீரியல் செட் ஒயர் கட்டு கட்டா கிடந்தது. அவர் பாட்டரியிலிருந்து எங்க பாட்டரிக்கு, பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ், நடுவுல ஒரு ஃபியூஸ். ஹெட்லைட்டை அணைக்கச் சொன்னார். முன்வண்டி ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கிட்ட தள்ளும். காலி பாட்டரி அதை மடமடன்னு குடிக்கும். ஒயர் ஒல்லியா இருந்ததால அளவாத்தான் போச்சு. ஆனாலும் அப்பா ரெண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி, மழையில இறங்கி, ஒயர் சுடுதான்னு தொட்டுப் பார்த்தார். அம்மாவை முன்வண்டியில ஏத்தியாச்சு. பின்லைட் கடலூர் வரைக்கும் எரிஞ்சுது.

தம்பிகிட்ட சொன்னேன்: அங்கேயும் இதே கதைதாண்டா. ஸ்டீயரிங் பூட்டாம இருக்க சாவியைப் போட்டு வைக்கிறீங்க, இழுக்குற காருக்குன்னு தனியா பிரேக் கருவி வேற மாட்டுறீங்க, அதுவும் அந்த பாட்டரியைத்தான் உறிஞ்சும். மோட்டார்ஹோம்லேருந்து சார்ஜ் ஒயர் ஒண்ணு இழு, ரெண்டு முனையிலும் ஃபியூஸ் போடு. "அவ்ளோதானா!"ன்னான். அவனுக்கு பஸ் ஹாரன் கேட்டிருக்காது :-)

அன்னிக்கு வீட்டு வாசல்ல அப்பா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "அவள முதல்லயே முன்வண்டியில ஏத்திருக்கணும்டா." தப்புன்னு அவர் ஒத்துக்கிட்டு நான் கேட்டதே இல்லை.

டிரைவர்கிட்ட காசு கொடுத்து அந்த ஒயரை வாங்கி டிக்கியில போட்டு வச்சார். 2014ல காரை வித்தப்போ, வாங்கினவர் "இது எதுக்கு சார்?"னு கேட்டார். அப்பா பதில் சொல்லாம சுருட்டி வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டார்.