அம்மாவின் கைப்பிடி அரிசி

தில்லிக்கு வந்த புதிதில் எனக்கு இங்கே இரண்டே காலம்தான் தெரியும். ஸ்வெட்டர் போடும் காலம், கூலர் ஓடும் காலம். நடுவில் மார்ச் என்று ஒன்று வரும். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு அது காலமே கிடையாது, வருஷக் கணக்கு முடிப்பு. ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸை விட்டு வெளியே வருகிறவனுக்கு முள்ளிலவு மரம் சிவப்பாகப் பூத்திருந்தால் என்ன, பூக்காவிட்டால் என்ன?

லெந்து நாட்களும் இந்த மார்ச்சை ஒட்டித்தான் வந்து நிற்கும். ஊரில் லெந்து வந்தால் வீடே மாறிவிடும். கறி மீன் கிடையாது, கல்யாணப் பேச்சு கிடையாது, சினிமாப் பாட்டு கிடையாது. தில்லியில் பதின்மூன்று வருஷம் என் லெந்து எப்படிப் போனது தெரியுமா? சாம்பல் புதன் கடந்து போனதே தெரியாது. குருத்தோலை ஞாயிறு ஆபீஸிலேயே கழியும். பெரிய வெள்ளி மட்டும் ஞாபகம் இருக்கும், ஏனென்றால் அன்றைக்கு லீவு :-)

2018-ல் இது மாறியது. மாற்றியது அம்மா.

2017 அக்டோபர் கடைசியில் அப்பா தவறிப்போனார். எங்கள் ஊர் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில். செம்மண் தேரியும் பனங்காடும். அந்தக் கோயிலின் 192 அடி கோபுரம் பனைகளுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு தூரத்திலிருந்தே தெரியும். நான் தில்லியிலிருந்து சென்னை, அங்கிருந்து தூத்துக்குடி என்று விமானம் மாறிப் போய்ச் சேர்வதற்கும், பெட்டியை மூடுவதற்கு அவர்கள் காத்திருப்பதற்கும் சரியாக இருந்தது. அடக்கம் முடிந்ததும் நான் செய்த முதல் வேலை, பந்தல்காரருக்கும் வேன்காரருக்கும் பணம் கொடுத்து ஒரு நோட்டில் எழுதி வைத்தது. அழவில்லை. எல்லாரும் என்னைத் திடமான பிள்ளை என்றார்கள்.

ஒரு வாரத்தில் அம்மாவைக் கையோடு தில்லிக்குக் கூட்டி வந்துவிட்டேன். வந்து இறங்கிய நேரம், அந்த நவம்பர் புகைமூட்டம். பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களையே சில நாள் மூடி விட்டார்கள். அதற்குப் பின்னால் குளிர். ஜனவரியில் காலை ஏழு மணி தாண்டித்தான் சூரியன் வரும், அதுவும் பனிமூட்டத்துக்குள் பழைய பத்து பைசா மாதிரி. அம்மா ரஜாய்க்குள் சுருண்டு கிடந்தார்கள். ஊரில் விடியற்காலம் எழுந்து பாமாலை பாடிக்கொண்டே வாசல் தெளிக்கிறவர்கள், இங்கே வாயே திறக்கவில்லை. தமிழ் ஆராதனை நடக்கும் இடம் எங்கள் வீட்டிலிருந்து வெகு தூரம். அந்தக் குளிரில் கூட்டிக்கொண்டு போக எனக்கும் நேரமில்லை, சோம்பல் என்றும் சொல்லலாம்.

பிப்ரவரி தொடக்கத்தில் ஒருநாள் அம்மா கேட்டார்கள்: "எய்யா, ஈஸ்டருக்கு ஊருக்குப் போயிட்டு வரலாமா?"

"மார்ச் முடிப்பும்மா. போன ஜூலையில ஜி.எஸ்.டி. வந்தப்புறம் முதல் வருஷக் கணக்கு வேற. மே மாசம் பிள்ளைங்க லீவுல போவோம்."

"சரி எய்யா" என்றார்கள். பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வருஷம் சாம்பல் புதன் பிப்ரவரி 14-ல் வந்தது. காலையில் அடுப்படியில் ஏதோ பாட்டில் உருட்டும் சத்தம். அம்மா ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பாட்டிலில் போட்டார்கள். நம்ம பக்கத்துச் சபைக்காரர்களுக்கு இதைச் சொல்லிக் காட்ட வேண்டாம். கைப்பிடி அரிசிக் காணிக்கை. "யாருக்கும்மா கொடுக்கப் போறீங்க, இங்க யாரு வாங்குவா?" என்றேன். "நாம எடுத்து வைப்போம். வாங்குறவங்க வருவாங்க" என்றார்கள். அப்புறம், "சாயங்காலம் பக்கத்துல எந்தக் கோயில்லயாவது ஆராதனை இருக்கான்னு பாரு" என்றார்கள்.

இருந்தது. ஆட்டோவில் இருபது நிமிஷத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கற்கோயில் ஒன்று, சி.என்.ஐ. சபை. லெந்து நாட்களில் புதன்கிழமை தோறும் மாலை ஆறு மணிக்கு ஆங்கிலமும் ஹிந்தியும் கலந்த ஆராதனை. "நம்ம சபைதானா?" என்று அம்மாவுக்குச் சந்தேகம். தெற்கே 1947-ல் எல்லாரும் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆன மாதிரி வடக்கே 1970-ல் நாக்பூரில் சேர்ந்து சி.என்.ஐ. ஆனார்கள், அக்கா தங்கச்சி சபைகள் என்று விளக்கினேன். அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது, தனியாக அனுப்ப முடியாது. அதனால் நானும் போக வேண்டியதாயிற்று. புதன்கிழமை மட்டும் நாலரைக்கே கிளம்புவேன் என்று மேனேஜரிடம் சொன்னபோது அவர் பார்த்த பார்வை இருக்கிறதே... அதை விடுங்கள்.

முதல் புதன் அன்று ஐயர் எல்லாருடைய நெற்றியிலும் சாம்பலால் சிலுவை போட்டார். எங்கள் ஊர்ச் சபையில் அந்த வழக்கம் இல்லை. அம்மா கொஞ்சம் தயங்கித்தான் போனார்கள். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல் என்று சொன்னதும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் என் மகள், "பாட்டி, திருநீறா?" என்று கேட்டாள். மூன்று மாசத்தில் அம்மா சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தக் கோயிலில் ஆராதனைக்கு முன்னால் பத்து நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள். ஆர்கன் கிடையாது, அறிவிப்பு கிடையாது. முழங்காலிட விரும்புகிறவர்கள் முழங்காலிடலாம், மற்றவர்கள் சும்மா உட்காரலாம். எனக்கு முதலில் அந்தப் பத்து நிமிஷம் பெரிய தண்டனையாக இருந்தது. உள்ளே ஒரே இரைச்சல். வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி, ஒத்துப்போகாத வங்கிக் கணக்கு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பக்கத்தில் அம்மா கண்ணை மூடியபடி அசையாமல் இருந்தார்கள். ஆராதனையில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் எப்போது எழும்ப வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, முறைமை ஒன்றுதானே. எல்லாரும் ஹிந்தியில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது அம்மா தமிழில் மெல்லச் சொல்வார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஆமெனுக்கு வந்து சேரும்.

வாரங்கள் போகப் போக நான் ஒன்றைக் கவனித்தேன். முதல் புதன் ஆறு மணிக்கு உள்ளே இருட்டிவிட்டது, விளக்குப் போட்டிருந்தார்கள். இரண்டாவது வாரம் மேற்கு ஜன்னலில் கொஞ்சம் சிவப்பு. ஹோலி முடிந்து வந்த புதனில் வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தூணில் விழுந்தது. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடுதலான வெளிச்சம். லெந்து என்ற சொல்லுக்கே பழைய ஆங்கிலத்தில் வசந்த காலம் என்றுதான் பொருள், பகல் நீளுகிற நாட்கள். நமக்கு அது வெறும் பெயராக வந்து சேர்ந்த சொல். திருநெல்வேலிப் பக்கம் பகல் நீளுவதும் குறைவதும் பெரிதாகத் தெரியாது. ஆனால் தில்லியில் அந்த வருஷம் சாம்பல் புதனுக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் பகல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. சிறு வயதிலிருந்து லெந்து என்றால் எனக்குத் துக்கம், ஒடுக்கம், எதையாவது விடுவது. அதே நாட்களில் வெளிச்சம் கூடிக்கொண்டே வருகிறது என்று பார்க்க எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

ஐந்தாவது புதன், மார்ச் 14. தில்லியின் வேப்ப மரங்கள் இலை கொட்டும் நாட்கள். நாங்கள் மௌனமாக உட்கார்ந்திருக்கும்போது வெளியே யாரோ கோயில் வளாகத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். சர்... சர்... என்று காய்ந்த இலைகளின் மேல் வாரியல் இழுபடும் சத்தம். எங்கள் வீட்டு முற்றத்திலும் ஒரு வேம்பு உண்டு. லெந்து நாட்களில்தான் அதுவும் கொட்டும். விடியற்காலம் நாங்கள் எழும்பும் முன்னே அப்பா அதைப் பெருக்கிக்கொண்டிருப்பார். பெருக்கி முடித்துத் திரும்பிப் பார்த்தால் மறுபடி பத்து இலை கிடக்கும். சலிக்காமல் அதையும் போய்ப் பெருக்குவார். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு ஒவ்வொரு நாளும் விடிந்தது.

அன்றைக்கு என்ன ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆராதனை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று தெரியாது. முன் பெஞ்சின் முதுகில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தேன். நாலரை மாசத்துக்குப் பிறகு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் முதுகில் கையும் வைக்கவில்லை. கைக்குட்டையை மட்டும் பெஞ்சின் மேல் என் பக்கமாக நகர்த்தி வைத்தார்கள்.

அதற்கடுத்த வாரங்களில் வேலை குறையவில்லை. ஆனால் உள்ளே இருந்த இரைச்சல் குறைந்திருந்தது. வேம்பில் செம்பு நிறத்தில் துளிர் வந்ததை நான் அந்த வருஷம்தான் பார்த்தேன். இத்தனைக்கும் அந்த மரம் எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே நிற்கிறது.

மார்ச் 30 பெரிய வெள்ளி. மறுநாள் கணக்கு முடிப்பு. போனை அணைத்து வீட்டிலேயே வைத்துவிட்டு எல்லாரும் தமிழ்ச் சபைக்குப் போனோம். பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை, முடிந்ததும் கஞ்சி என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அம்மா பாட்டில் அரிசியை ஒரு துணிப்பையில் கட்டிக் கொண்டுவந்து, கஞ்சி காய்ச்சும் பெண்களிடம் கொடுத்தார்கள். 44 நாள், 44 பிடி. கணக்குப்பிள்ளை புத்தி, சுமார் இரண்டு கிலோ இருக்கும் என்று மனசுக்குள் போட்டுக்கொண்டேன். அந்தப் பெண்களில் ஒருவர் சாத்தான்குளத்துக்காரர். பையை வாங்கிக்கொண்டு, "கைப்பிடி அரிசியாம்மா? பார்த்து எத்தனை வருஷமாச்சு" என்றார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பயறு போட்ட கஞ்சியும் தேங்காய்த் துவையலும். வெயில் முப்பத்தைந்துக்கு மேலே போய்விட்ட தில்லி மதியத்தில் அந்தக் கஞ்சிக்கு ஈடு எதுவும் இல்லை.

ஏப்ரல் 1 ஈஸ்டர். விடியற்கால ஆராதனைக்குப் போக மூன்றரைக்கு எழுந்தேன். அம்மா அதற்கு முன்பே குளித்து, சேலை கட்டி, பால்கனியில் நின்றிருந்தார்கள். "இந்நேரம் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவர்த்தி கொண்டு போயிருப்பாங்க" என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, "உங்கப்பாவுக்கு யாரு ஏத்துவாங்களோ" என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈஸ்டர் விடியலில் ஊரே கல்லறைகளில் வெளிச்சம் வைக்கும். அப்பாவுக்கு அது முதல் ஈஸ்டர். பிப்ரவரியில் அம்மா கேட்டது அதைத்தான். நான் ஜி.எஸ்.டி. பற்றிப் பதில் சொன்னேன். அவர்களுடைய மௌனத்தைச் சமாதானம் என்று எழுதிக்கொண்டேன், தப்பான தலைப்பில் போட்ட பற்று மாதிரி. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அம்மாவே, "நேரமாச்சு, ஆட்டோ பாரு" என்றார்கள்.

ஆராதனை முடிந்து திரும்பும் வழியில் அம்மா சொன்னார்கள்: "மே மாசம் என்னை ஊருல விட்டுட்டு வந்துருய்யா. நான் அங்கேயே இருந்துக்கிடுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை புதன்கிழமை கூட்டிக்கொண்டு போனேனே, கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிறார்களே, இங்கேயே இருந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். வாதாடிப் பார்த்தேன். "அந்த வீட்டுல தனியா இருக்க இப்ப எனக்குப் பயமில்லை" என்றார்கள். அவ்வளவுதான். துளிர்த்ததே போவதற்காகத்தான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாளானது.

ஊருக்கு அனுப்பிவிட்டு வந்த பிறகு தங்கமணி ஒரு விஷயம் சொன்னாள். ஒவ்வொரு புதன்கிழமை ராத்திரியும் அம்மாவுக்கு மூட்டு வலி தாங்காதாம், தைலம் தேய்த்து விடச் சொல்வார்களாம். அப்படியானால் ஏன் போகிறீர்கள் என்று இவள் கேட்டதற்கு அம்மா சொன்ன பதில்: "நான் போகலைன்னா அவன் போகமாட்டான். அப்பா போனதுக்கு அவன் இன்னும் அழவே இல்லையே."

நான்தான் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2019-ல் ஈஸ்டர் ஏப்ரல் 21-ல் வந்தது, கணக்கெல்லாம் முடிந்த பிறகு. ஊருக்குப் போனோம். விடியற்காலம் அப்பாவின் கல்லறையில் மகள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றினாள். அப்பா மறுபடி மறுபடி இலை பெருக்கியது ஞாபகம் வந்தது.

மார்ச் முடிப்பு இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சாம்பல் புதன் அன்று அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை அலமாரியிலிருந்து இறக்குவது என் வேலை. புதன்கிழமை ஆறு மணிக்கு அந்தக் கோயிலில் நான் இருப்பேன். இரைச்சல் எப்போதும் முதல் இரண்டு வாரம் இருக்கும். பிறகு வெயில் தூணுக்கு வந்து சேரும்.