இரண்டு விலைகளின் ஊர்

தனுவச்சபுரம் ரயில் நிலையத்தில் பாசஞ்சர் வண்டிகள்தான் நிற்கும். 2011-இல் மார்க்கெட்டிங் எம்.பி.ஏ. படிக்கத் தென்காசியிலிருந்து போன நான், அந்த பாசஞ்சரை நம்பித்தான் அங்கே அறை பிடித்தேன். வகுப்பு திருவனந்தபுரத்தில். நகரத்து வாடகை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. தனுவச்சபுரம் கொல்லயில் பஞ்சாயத்தில் இருக்கிறது. வி.டி.எம். என்.எஸ்.எஸ். கல்லூரியும் அரசு ஐ.டி.ஐ.யும் உள்ள இடமாதலால், வெளியூர்ப் பையன்களுக்கு அறை விடுவது அங்கே பழகிப்போன தொழில்.

அந்தக் கல்லூரி 1964-இல் திருவிதாங்கூரின் தளவாய் வேலுத்தம்பியின் நினைவாகத் தொடங்கியது. தளவாய் பிறந்த தலக்குளமோ இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில். 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைக் கோடு விழுந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளப் பக்கமே தங்கிவிட்டது. கொல்லயில் அந்தத் தாலுகாவில் சேர்ந்தது. சர்வேயர் கல் நட்டாரே ஒழிய, ஜனங்கள் சந்தைக்குப் போகும் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டுக்கார அம்மச்சியைப் பார்த்துத்தான் எனக்கு இது புரிந்தது. அரிசியும் காய்கறியும் களியக்காவிளையில், அதாவது தமிழ்நாட்டில். துணிமணி நெய்யாற்றின்கரையில். ஆனால் கல்யாண ஜவுளி என்றால் மார்த்தாண்டம் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால்தான் மனசு ஆறும். மருந்துக்குப் பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரி. மீன் மட்டும் காலையில் எந்தப் பக்கத்துக் கூடை முதலில் வாசலுக்கு வருகிறதோ, அந்தப் பக்கம். நுகர்வோர் நடத்தை பாடத்துக்கு வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்டு வரச் சொன்னபோது, முதல் படிவத்தை அம்மச்சியிடம்தான் நீட்டினேன். அரிசியில் எந்த பிராண்டை விரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி.

"அரிக்கு என்ன பிராண்டு மக்களே? வேவு நல்லா இருந்தாப் போதும். களியக்காவிளையில கிலோவுக்கு ரெண்டு ரூவா கொறஞ்சா பஸ்சுக் காசு ஆச்சு."

பஸ் கட்டணத்தையும் சேர்த்துத்தான் அவர் கணக்குப் போட்டார். அந்த நவம்பரில் தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் கூடியபோது, அரசியல் பேசுகிறவர்களுக்கு முன்னால் அம்மச்சி அதைப் பேசினார். பிறகு பக்கத்து வீட்டுக்காரியோடு ஏற்பாடு செய்துகொண்டு, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒருவர் போய் வாங்கி வந்தார்கள். என் படிவத்தில் அதை எழுத இடமில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

பாறசாலையிலிருந்து எல்லைக்குப் போகிற தேசிய நெடுஞ்சாலையில், இஞ்சிவிளைப் பக்கம் லாட்டரிக் கடைகள் வரிசையாக நிற்கும். பெயர்ப்பலகை தமிழில். தமிழ்நாடு 2003-இல் லாட்டரியைத் தடை செய்தபின், நாகர்கோவில், மார்த்தாண்டம் ஆட்கள் பஸ் ஏறி வந்து வாங்கிப் போகிறார்கள். கேரளத்தில் அது அரசாங்கத்தின் சரக்கு. 1967-இல் துறையைத் தொடங்கி, 1968 குடியரசு தினத்தன்று முதல் குலுக்கலை நடத்தினார்கள். டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு ஐம்பதாயிரம். நாங்கள் வேதபுத்தகம் மாதிரிச் சுமந்துகொண்டு திரிந்த கோட்லரின் 'மார்க்கெட்டிங் மேனேஜ்மென்ட்' முதல் பதிப்பும் அதே 1967-இல் வந்ததுதான். இரண்டில் எது அதிகம் பேருக்குச் சந்தையைக் கற்றுக்கொடுத்தது என்று ரயிலில் வாதம் நடக்கும்.

அந்தக் கடைகளில் ஒன்றில் நான் பல சாயங்காலம் நின்றிருக்கிறேன். கடைக்கார அண்ணன் டிக்கெட்டுகளைப் பலகையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். கடைசி இலக்கப்படி வரிசை. ஒன்பதில் முடிகிறதைக் கேட்பவர், கூட்டினால் ஐந்து வரவேண்டும் என்பவர், பேத்தி பிறந்த தேதியைத் தேடுபவர் என்று யார் வந்தாலும் கை சரியாக அந்த இடத்துக்குப் போகும். "அடிக்கும்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "எடுத்து வையுங்க" என்பார், அவ்வளவுதான். நான் அங்கே போன வருடம்தான் காருண்யா லாட்டரி வந்தது. லாபம் ஏழைகளின் சிகிச்சைக்கு என்று அரசு அறிவித்திருந்தது. தோற்றவன் வெறுங்கையோடு போகாமல் ஒரு புண்ணியத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவதை அங்கே கண்ணால் பார்த்தேன். பொருள், விலை, இடம், விளம்பரம் என்று மெக்கார்த்தி 1960-இல் வகுத்த நான்கைக் கரும்பலகையில் எழுதினார்கள். புண்ணியத்தை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று கேட்டதற்கு வகுப்பு சிரித்தது, பேராசிரியர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அதையே எனக்கு அசைன்மென்டாகக் கொடுத்துவிட்டார்.

ஹர்த்தால் நாட்களை விட்டுவிட்டு அந்த ஊரை எழுத முடியாது. கேரளத்தில் கடையடைப்பு என்றால் பாசஞ்சரில் போய் இறங்கினாலும் நகரத்தில் ஆட்டோ கிடைக்காது, வகுப்பும் நடக்காது. உதியங்குளங்கரையில் தட்டுக்கடை உட்பட எல்லாம் மூடியிருக்கும். ஐ.டி.ஐ. பையன்களும் நாங்களும் சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டுவோம். களியக்காவிளையில் அன்றைக்குத் திருவிழாக் கூட்டம். பொரோட்டாக் கல்லில் இடமே இருக்காது. தமிழ்நாட்டில் பந்த் என்றால் இதே கூட்டம் தலைகீழாகத் திரும்பும்.

எல்லாம் இப்படிச் சுமுகம் என்றும் சொல்ல மாட்டேன். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைச் சண்டை முற்றி, கம்பம்–குமுளிப் பாதை அடைபட்டது. ரயிலில் நான் தமிழில் போன் பேசினால் திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பில் இரண்டொரு நண்பர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்து அப்பா கிளம்பி வந்துவிடு என்றார். அம்மச்சி ராத்திரி மரச்சீனியும் சாளைக் கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை திண்ணையில் உட்கார்ந்து மருமகளைக் குறைசொல்லிக்கொண்டிருந்தார். அணையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் கிளம்பவில்லை.

காலை பாசஞ்சரில் அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் என்று நின்று நின்று போவோம். பாலராமபுரத்தில் கைத்தறி வேட்டிக் கட்டோடு ஏறும் நெசவாளர்களோடு பேச்சுக் கொடுப்பேன். தமிழ் நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர்களின் வழிவந்தவர்கள் அவர்களில் உண்டு. பவர்லூம் சரக்கு கைத்தறி லேபிளோடு வருவதைச் சொல்லி வயிறெரிவார்கள். ஓணம் நெருங்கினால் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து தோவாளைப் பூவும் ஏத்தன் வாழைக் குலையும் லாரி லாரியாக வரும், ஊரே உப்பேரி வாசனையில் மிதக்கும்.

2012 ஜூனில் நெய்யாற்றின்கரை இடைத்தேர்தல். மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ. பதவியை விட்டு காங்கிரசுக்குப் போய், அதே தொகுதியில் மறுபடி நின்றார். கொல்லயில் பாறசாலைத் தொகுதி என்பதால் எங்களுக்கு ஓட்டு வேலை இல்லை, வேடிக்கை மட்டும்தான். லேபிள் மாற்றினால் வாடிக்கையாளர் நிற்பாரா என்று எங்கள் அறையில் பந்தயம் கட்டினோம். அவர் ஜெயித்தார். தோற்றவன் எல்லாருக்கும் போஞ்சி, அதாவது எலுமிச்சைச் சாறு, வாங்கிக் கொடுத்தான்.

இப்போது மதுரையில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அமரவிளையில் வரிச்சாவடிக்காகக் காத்துக்கிடந்த லாரி வரிசை போய்விட்டது என்கிறார்கள். கம்பெனி வரைபடத்தில் மட்டும் களியக்காவிளையில் சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு ஏரியா மேனேஜர், அந்தப் பக்கம் இன்னொருவர். எல்லையோரத்து ஸ்டாக்கிஸ்ட் ஒருவர் மாதா மாதம் தன் ஊர் தின்னக்கூடியதைவிட அதிகம் எடுக்கிறார். திருவனந்தபுரத்து மேனேஜர் சரக்கு கசிகிறது என்று மெயில் போடுகிறார். விசாரித்துச் சொல்கிறேன் என்று பதில் எழுதிவிட்டு, ஸ்டாக்கிஸ்டின் அடுத்த ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறேன்.