ஓவியத்தில் வாழும் நாய்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபுக்களுக்கு மட்டுமன்றி அவர்தம் நாய்களுக்கும் உருவப்படம் தீட்டும் வழக்கம் ஓங்கியிருந்தது. அக்கலையில் தலைசிறந்தவர் எட்வின் லாண்ட்சியர் (1802–1873). விக்டோரியா அரசியாரின் செல்ல நாய் ‘டாஷ்’ கூட அவர் தூரிகைக்கு அமர்ந்ததே!

அவர் படைப்புகள் யாவும் நமக்கு உவப்பானவை அல்ல. 1840இல் வரைந்த ஒன்றில் பூடில் நாயொன்று நீதிபதியாக வீற்றிருக்கிறது. சிரிப்பு வரும், ஆயினும் அங்கே இருப்பது நாயின் தோல் போர்த்த மனிதனே.

1837இல் அவர் தீட்டிய படமோ வேறு வகை. இலண்டன் விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையில் உள்ள அதன் தலைப்பு, ‘முதிய இடையனுக்குத் துக்கங்காக்கும் முதல்வன்’ எனப் பொருள்படும். எளிய குடில், கம்பளி போர்த்த சவப்பெட்டி, அதன்மீது மோவாயை அழுத்திக் கிடக்கும் நாய். பக்கத்தில் வேத நூலும் மூக்குக்கண்ணாடியும், தரையில் ஊன்றுகோல். கண்ணீர் இல்லை, ஓலம் இல்லை. ரஸ்கின் என்னும் திறனாய்வாளர் 1843இல் வெளியிட்ட நூலில் இப்படத்தைப் பெரிதும் போற்றினார்.

வகுப்பில் இதனைக் காட்டியபோது மாணவன் ஒருவன், “சொந்தக்காரர் ஒருவரும் வரவில்லையோ, சேர்?” என்று வினவினான். நாம் விளக்க எண்ணியிருந்தவை யாவும் அவ்வினாவில் அடங்கிவிட்டன.

1995 இடப்பெயர்வின்போது நம் வீட்டு முற்றத்தில் நின்றுவிட்ட நாய்க்கு ஒரு புகைப்படமும் கிடையாது. அதன் ஒரு காது மடிந்திருக்கும். இடக்காதோ வலக்காதோ என்பதில் நமக்கும் தங்கைக்கும் இன்றளவும் வழக்கு.

இவ்வகையில் பிரான்சிஸ் பராட் பேறு பெற்றவர். இறந்த சகோதரரிடமிருந்து அவரிடம் வந்த ‘நிப்பர்’ 1895இல் மாண்டது. பின்னரே அதனைப் பேசும் கருவியொன்றின் முன் அமர்த்தித் தீட்டினார். வாசகர்களே, நம் பாட்டனார் காலத்து இசைத்தட்டுகளின் நடுவே, நாதசுரத்துக்கும் பாட்டுக்கும் செவிசாய்த்துச் சுழன்ற நாய் இதுவே. 1899இல் கிராமபோன் கம்பனி படத்துக்கு 50 பவுணும் உரிமைக்கு 50 பவுணும் கொடுத்தது. ஆனால் பழைய கருவியை அழித்துத் தம் கருவியை வரைய வேண்டுமென நிபந்தனை விதித்தது. பராட் இசைந்தார். கருவி மாறிற்று, நிப்பர் மட்டும், தலையைச் சற்றே சாய்த்தவாறு, இருந்தபடியே இருந்தது.