17 வெறுமையாகவே இருக்கட்டும்

நாங்கள் கலைப்பீடப் பிள்ளைகள். டேட்டாபேஸ் எங்கட பாடமில்லை. ஆனால் ஊருக்குள் பதிவுசெய்த தாலாட்டு, ஒப்பாரிகளை ஒழுங்குபடுத்த மைஎஸ்கியூஎல் அட்டவணை தேவைப்பட்டது. எண் நிரலை ஓட்டோ இன்கிரிமென்ட் என்று வைத்தோம். புதுப் பதிவு வர வர, அடுத்த இலக்கத்தை அதுவே கொடுக்கும்.

பிறகு ஒரு அம்மம்மா, "என்ர ஒப்பாரியை எடுத்துவிடுங்கோ பிள்ளையள்" எண்டா. எடுத்தோம். 16க்கு அடுத்தது 18. "வடிவில்லை, திரும்ப இலக்கம் போடுவமே?" எண்டு எங்களுக்குள்ளேயே கதை எழும்பியது.

போடவில்லை. அந்த எண் வரிசைக்கானது இல்லை, அடையாளத்துக்கானது. அதோடு தொடுத்த மற்ற அட்டவணைகளைச் சேர்ந்து மாற வைக்கலாம். ஒலிக்கோப்பின் பெயரும் கொப்பிக் குறிப்பும் தானாக மாறாது. 18ஐ 17 ஆக்கி இழுத்துக்கொண்டு போனால், ஒருத்தி பாடினதுக்கு இன்னொருத்தியின் பெயர் வந்துவிடும்.

மைஎஸ்கியூஎல் 5.7 வரை இன்னோடிபி அட்டவணைகளின் அடுத்த இலக்கம் நினைவகத்தில் மட்டுமே இருந்தது. கடைசிப் பதிவை அழித்துவிட்டு சேர்வரை நிறுத்தித் தொடங்கினால், அதே எண் வேறொரு பதிவுக்குப் போகக்கூடும். 8.0இலிருந்து அது டிஸ்கில் பதியப்படுவதால் மறக்காது.

பட்டியல் போடும்போது 1, 2, 3 வேண்டுமென்றால் அப்போது எண்ணிப் போடலாம். எத்தனை பாட்டு இருக்கு என்பதற்கும் கடைசி எண்ணைப் பார்க்கக்கூடாது, எண்ணத்தான் வேணும். 17 அந்த அம்மம்மாவினது. அதை வேறு ஆருக்கும் கொடுக்கமாட்டோம்.