எரிந்த ட்ரக்கை எங்கே நிறுத்துவது?

சாக்ரமென்டோவைத் தாண்டியதும் ஐ-80 நெடுஞ்சாலை மலையேறத் தொடங்குகிறது. சியர்ரா நெவாடாவில் 5,000 அடிக்கு மேல் ஏறியபின் வருகிறது எமிகிரண்ட் கேப். லேக் தாஹோ போகிற தமிழ்க் குடும்பங்கள் புளிசாதப் பொட்டலத்தோடு வேகமாகக் கடந்துவிடும் இடம். நான் அங்கே நிற்பதற்கென்றே போனேன். 2024 ஆகஸ்ட் 19 அதிகாலை 3.13 மணி வாக்கில், லிவர்மோரிலிருந்து நெவாடாவின் ஸ்பார்க்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த டெஸ்லா செமி மின்சார ட்ரக் ஒன்று இந்தப் பகுதியில் ஓர் ஏற்ற வளைவில் சாலையை விட்டு விலகியது. ஓரத்திலிருந்த கம்பத்தையும் ஓரடி விட்டமுள்ள மரம் ஒன்றையும் மோதி, சரிவில் இறங்கி, மரங்களில் சிக்கி நின்றது. ஓட்டுநருக்குக் காயமில்லை. பேட்டரி தீப்பிடித்துக்கொண்டது.

ஃப்ரீவேயில் இறங்கி நடக்க முடியாது. பக்கச் சாலையில் காரை ஓரங்கட்டிவிட்டு, மரங்களுக்கு நடுவே போய் நின்று பார்த்தேன். மோதிய மரம் எது என்று எனக்குப் பிடிபடவில்லை. பைனும் ஃபரும் சீடருமாக எல்லாமே ஒரே மாதிரி நிற்கின்றன. பிடிபட்டது வேறு. காடு சாலை விளிம்புவரை வந்துவிடுகிறது. தரை முழுக்க உலர்ந்த ஊசியிலை. அன்று தீயணைப்பு விமானம் வந்து சுற்றிலும் தீத்தடுப்பு மருந்து தூவியது என்று படித்தபோது, ஒரு லாரி விபத்துக்கு இதெல்லாம் அதிகம் என்று பட்டது. காலடியில் சருகு நொறுங்கியபோது அப்படிப் படவில்லை.

தீயணைப்புத் துறை செலவிட்ட தண்ணீர் சுமார் 50,000 கேலன். நம் கணக்கில் ஏறக்குறைய 1,90,000 லிட்டர். நான் நின்ற இடத்தைச் சுற்றி ஹைட்ரண்ட் ஒன்றும் கண்ணில் படவில்லை. டீசல் தீ என்றால் நுரையால் மூடி மூச்சடைக்கலாம். லித்தியம் பேட்டரி அப்படி அடங்காது. ஒரு செல் சூடேறினால் பக்கத்துச் செல்லையும் சூடாக்கும். பேட்டரி உறையோ இறுக அடைபட்டது, தண்ணீர் உள்ளே போகாது. வெளியே ஊற்றி ஊற்றி, உள்ளிருக்கும் சூடு தணியும்வரை காத்திருப்பதுதான் வேலை. இரு பக்கமும் மூடிய சாலை இரவு 7.20 மணி வாக்கில்தான் திறந்தது.

அடுத்து நிறுத்தியது ஒரு பெட்ரோல் பங்கில். கலிஃபோர்னியாவில் லாரி ஓட்டுபவர்களில் பஞ்சாபிகள் நிறைய. அங்கும் ஒருவர் தேநீர்க் குடுவையோடு நின்றிருந்தார். என் அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். அந்த ஆகஸ்ட் நாளில் அவர் இந்தப் பாதையில் வரவில்லையாம். ஆனால் பனியில் சாலை மூடிய நாட்களை வைத்து, ஒரு பகல் நின்றால் எத்தனை டாலர் போகும் என்று விரல்விட்டுச் சொன்னார். அந்த நட்டத்தை விபத்துக்குள்ளான வண்டிக்காரரிடம் கேட்க முடியுமா என்பது அவருடைய கேள்வி. பெரும்பாலும் முடியாது. ஆலிசோ கேன்யன் எரிவாயுக் கசிவு வழக்கில் 2019இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: உடலுக்கும் உடைமைக்கும் சேதமில்லாமல் வெறும் வருமானம் மட்டும் போனவர் கவனக்குறைவைக் காட்டி இழப்பீடு கேட்க இயலாது. இதை நான் சொன்னதும், அதை யார் எழுதினார்களோ அவர்கள் லாரி ஓட்டியதில்லை என்றார்.

காயம்பட்டவருக்கோ கார் எரிந்தவருக்கோ கதை வேறு. மாநிலம் விட்டு மாநிலம் வாடகைக்குப் பொதுச் சரக்கு ஏற்றும் லாரி நிறுவனம் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்பீடு 7,50,000 டாலர். 1980களில் வைத்த தொகை அப்படியே கிடக்கிறது. மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவும் அதற்குள்தான் அடங்க வேண்டும். பேட்டரியைக் குளிப்பாட்டிய தண்ணீர் உலோகத்தையும் ஃப்ளோரைடையும் கரைத்துக்கொண்டு சரிவில்தானே இறங்கும்?

இன்னொன்று. மோதியது ஒரு நிகழ்வு, எரிந்தது இன்னொரு நிகழ்வு என்று சட்டம் பிரித்துப் பார்க்கும். வண்டி விலகியதற்கு ஓட்டுநர் பொறுப்பாகலாம், அவரால் முதலாளியும். பேட்டரி உறை தாங்கியிருக்க வேண்டிய அடிதான் அது என்று நிரூபித்தால், தீக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. பொருளின் குறையால் காயம் என்றால் தயாரிப்பாளரின் கவனக்குறைவைத் தனியாக நிரூபிக்க வேண்டாம் என்பது கலிஃபோர்னியாவில் 1963இன் கிரீன்மன் தீர்ப்பிலிருந்தே உள்ள நிலை. எமிகிரண்ட் கேப் விபத்தில் வண்டியைச் செய்ததும் ஓட்டியதும் ஒரே நிறுவனம், ஓட்டுநர் அதன் ஊழியர். அதனால் அந்த இழுபறிக்கு இடமில்லை. ட்ரக்கை ஒருவர் செய்து, ஒருவர் வாங்கி, இன்னொருவர் ஓட்டும்போதுதான் வக்கீல்களுக்கு வேலை.

அந்த வழக்குக்குச் சாட்சி எது? கார்களின் விபத்துப் பதிவுக் கருவி எதையெல்லாம் பதிய வேண்டும் என்று மத்திய அரசு விதி வைத்திருக்கிறது. ஆனால் அது 3,855 கிலோ மொத்த எடைவரை உள்ள வண்டிகளுக்கு மட்டும். மின்சார ட்ரக்குக்குக் கூடுதலாக 2,000 பவுண்டு சலுகை தந்து 82,000 பவுண்டுவரை, அதாவது 37 டன்னுக்குச் சற்று அதிகமான எடையோடு, ஓட அனுமதிக்கிறார்கள். அதன் நினைவகத்தில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல அந்த விதி வரவில்லை. இருப்பது தயாரிப்பாளருக்குத் தெரிந்த வடிவில் இருக்கிறது. ஓட்டுநரின் பணிநேரப் பதிவை நிறுவனம் ஆறு மாதம் வைத்திருந்தால் போதும். காயத்துக்கு வழக்குப் போடவோ பொதுவாக இரண்டு வருட அவகாசம். விபத்து நடந்த வாரத்திலேயே ‘எதையும் அழிக்காதே’ என்று வக்கீல் கடிதம் போவது இதனால்தான். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து சொல்லுமே என்று நம்பியிருக்கவும் முடியாது. வாரியம் எழுதும் காரண முடிவை இழப்பீட்டு வழக்கில் சாட்சியமாக வைக்கச் சட்டமே தடுக்கிறது.

திரும்பும் வழியில் மௌன்டன் வியூவில் 101ஆம் சாலையும் 85ஆம் சாலையும் பிரியும் இடத்தைக் கடந்தேன். 2018 மார்ச்சில் ஒரு டெஸ்லா மாடல் எக்ஸ் தடுப்பில் மோதி எரிந்து, ஓட்டி வந்தவர் இறந்த இடம். தீயை அணைத்து யார்டில் கொண்டுபோய் நிறுத்திய காரின் பேட்டரி, ஐந்து நாள் கழித்து மறுபடி தீப்பிடித்தது. சேதமான செல்களில் தங்கிவிடும் மின்சாரம் செய்கிற வேலை அது. எமிகிரண்ட் கேப்பில் எரிந்த செமியைத் திறந்தவெளியில் வைத்து 24 மணி நேரம் காவல் காத்தார்கள். அது மறுபடி எரியவில்லை.

கடைசியாக, விபத்து வண்டிகளை இழுத்துவந்து நிறுத்தும் ஒரு யார்டு. உள்ளே கார்கள் கண்ணாடி உரச நிற்கின்றன. அடிபட்ட மின்வாகனத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 50 அடி காலி விட வேண்டும் என்பது பாதுகாப்பு அறிவுரை. மின்சார ட்ரக்கின் நீளம் 25 அடி, அகலம் எட்டரை அடி என்று வைத்து, யார்டுக்காரரும் நானும் காலடியால் அளந்தோம். டிரெய்லர் இல்லாமலே 13,000 சதுர அடியைத் தாண்டியது. சென்னைக் கணக்கில் ஐந்தரை கிரவுண்ட். அவருடைய யார்டில் முக்கால்வாசி.

மின்சாரத்தை வடித்துவிட்டால் ஆபத்து குறையும். ஆனால் வடிக்கும்போதும் பிரிக்கும்போதும் செல்களின் நிலை மாறிவிடும். எந்த செல் முதலில் கெட்டது என்று பார்க்க வேண்டிய நிபுணர்கள், எல்லாத் தரப்பும் கூடும் நாள்வரை கைவைக்காதே என்பார்கள். அந்த நாள் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அதுவரை இடத்தின் வாடகை யார் தருவது என்று கேட்டேன். முதலில் இன்சூரன்ஸ்காரர் தருவாராம். வண்டியின் மிச்ச மதிப்பை வாடகை தாண்டியதும் ஃபோன் எடுப்பது நின்றுவிடும் என்றார். மின்சார ட்ரக் வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்றதற்கு, முன்பணம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது என்றார்.