ஐந்து மணி நேர மழை, ஒன்பது அவுன்ஸ் மீன்!

மீன் பிடிக்கப் போனால் குழம்புக்காவது தேற வேண்டும். இதுதான் நம் ஊர்க் கணக்கு. இங்கிலாந்தின் கால்வாய்க் கரைகளில் இந்தக் கணக்கு செல்லாது. கொட்டும் மழையில் நாற்பது, ஐம்பது பேர் வரிசையாகத் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து மணி நேரம் கழித்து, பிடித்த மீனை எடை போடுவார்கள். எடையை நோட்டில் எழுதிய கையோடு அத்தனை மீனையும் தண்ணீரில் விட்டுவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள்.

வேலைக்காக லங்காஷயர் பக்கம் குடிவந்தவன் நான். பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வு பெற்ற கொத்தனார், ஒரு நாள் தன்னோடு கால்வாய்க்குக் கூட்டிப் போனார். இப்போது அவருடைய நால்வர் அணியில் நானும் ஒருவன். சென்ற பிப்ரவரியில், குளிர்கால லீக்கின் கடைசிச் சுற்றுக்காக பர்ஸ்கோ என்ற ஊருக்குப் போனோம். பட்டியலின் கடைசி இரண்டு அணிகள் அடுத்த வருடம் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். நாங்கள் கடைசிக்கு மூன்றாவது.

நிலக்கரிக்கு வெட்டிய வாய்க்கால்

பர்ஸ்கோவில் ஓடுவது லீட்ஸ் - லிவர்பூல் கால்வாய். நீளம் 127 மைல், அதாவது 204 கிலோமீட்டர். 1770-ல் வெட்டத் தொடங்கி, பென்னைன் மலைத்தொடரைத் தாண்டி முழுசாக முடித்தது 1816-ல். விகன் சுரங்கத்து நிலக்கரி இதன் வழியாகத்தான் லிவர்பூலுக்குப் போனது. பிளாக்பர்ன், பர்ன்லி என்று பருத்தி ஆலை நகரங்களையும் தொட்டுக்கொண்டு போகிறது. நம் ஊர்த் தறிகளின் வயிற்றில் அடித்த லங்காஷயர் துணிக்குப் பின்னால் இந்தத் தண்ணீரும் உண்டு.

ரயிலும் லாரியும் வந்த பிறகு சரக்குப் படகுகள் போய்விட்டன. இப்போது உல்லாசப் படகுகள், நடைப்பயிற்சிக்காரர்கள், சைக்கிள்காரர்கள், தூண்டில்காரர்கள். அந்தக் காலத்தில் படகு இழுத்த குதிரைகள் நடந்த பாதையில்தான் இன்று தூண்டில்காரர்கள் பெட்டி போட்டு உட்கார்கிறார்கள். இதுபோல சுமார் 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் ‘கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்’ என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது.

இந்த ஊர்க்காரர்கள் மீனுக்கும் சாதி வைத்திருக்கிறார்கள். சால்மன், ட்ரவுட் எல்லாம் ‘கேம் ஃபிஷ்’. நல்ல நதிகளும், அவற்றில் இந்த மீன்களைப் பிடிக்கும் உரிமையும் பெரும்பாலும் நிலக்கிழார்களிடம் இருந்தன. நன்னீரில் வாழும் மற்ற மீன்கள் எல்லாம் ‘கோர்ஸ் ஃபிஷ்’, அதாவது சாதாரண மீன். சுரங்கத்திலும் ஆலையிலும் வாரம் முழுக்க உழைத்தவர்களுக்கு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது கால்வாயும் இந்தச் சாதாரண மீன்களும்தான். சங்கம் சேர்த்தார்கள், சந்தா கட்டினார்கள், ஞாயிற்றுக்கிழமைப் போட்டி வைத்தார்கள். அந்த வழக்கத்தின் மிச்சம்தான் இன்றைய லீக்குகள்.

சீட்டு சொல்லும் தலையெழுத்து

காலை எட்டு மணிக்குச் சீட்டுக் குலுக்கல். கரை நெடுக எண் போட்ட இடங்கள் இருக்கும். அதற்கு ‘பெக்’ என்று பெயர். எந்த எண் வருகிறதோ, அங்கேதான் ஐந்து மணி நேரமும். இடம் மாற முடியாது. எதிர்க்கரையில் புதரோ மரமோ இருந்தால் அதிர்ஷ்டம். மீன் அதன் நிழலில் ஒதுங்கும், காற்றும் கொஞ்சம் தணியும்.

எனக்கு வந்த இடத்தில் புதரும் இல்லை, மரமும் இல்லை. விகனுக்கு மேற்கே நிலம் தட்டையானது. கண்ணுக்கெட்டிய வரை காய்கறி வயல்கள். கடலிலிருந்து வரும் காற்றைத் தடுக்க எதுவும் கிடையாது. மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது.

எங்கள் பிரிவில் பத்துப் பேர். அதிக எடை பிடிப்பவருக்கு 10 புள்ளி, அடுத்தவருக்கு 9 என்று இறங்கும். ஒரு மீன்கூட இல்லாவிட்டால் பூஜ்யம். நான்கு பேரின் புள்ளியையும் கூட்டினால் அணியின் கணக்கு. ஆகவே, விரல் நீள மீன் ஒன்று நான்கு பேரின் தலைவிதியை மாற்றிவிடும். கொத்தனார் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “முதல்ல ஒரு மீன். மத்ததெல்லாம் அப்புறம்.”

கழியும் காற்றும்

கால்வாய்ப் போட்டியில் பெரும்பாலும் ரீல் கிடையாது. கார்பனில் செய்த நீளமான கழி. பத்து, பன்னிரண்டு மீட்டர் நீட்டலாம். நுனிக்குள்ளே ஒரு ரப்பர் இழை ஓடும். மீன் இழுத்தால் அது நீண்டு கொடுக்கும். பிறகு கழியைப் பின்பக்கமாகத் தள்ளி, துண்டு துண்டாகக் கழற்றி மீனைக் கரை சேர்க்க வேண்டும். பின்னால் நடைபாதையில் சைக்கிள் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தாக வேண்டும். கார்பனில் மின்சாரம் பாயும். அதனால் மின்கம்பிக்கு அடியில் இடம் போட மாட்டார்கள். இடி இடித்தால் கழியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

பத்து மணிக்கு விசில். ரொட்டித் துண்டைச் சின்னக் குழாயால் அமுக்கினால் மிளகளவு வட்டமாக வரும். அதுதான் முதல் இரை. பொடித்த ரொட்டியை எலுமிச்சையளவு உருட்டிப் போட்டேன். பதினைந்தாவது நிமிடத்தில் தக்கை அமுங்கியது. ரோச் என்ற மீன். கெண்டைக் குடும்பம்தான். வெள்ளி உடம்பு, சிவந்த துடுப்பு, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. பூஜ்யத்திலிருந்து தப்பித்தாயிற்று! முதல் ஒரு மணி நேரத்தில் இன்னும் இரண்டு ரோச், கட்ஜன் என்ற மீசை மீன் ஒன்று.

அதோடு சரி. பதினொன்றரைக்குக் காற்று வலுத்தது. பத்து மீட்டர் கழியைக் காற்றில் பிடிப்பது, மொட்டை மாடியில் ஈரப் போர்வையைக் காயப்போடுவது மாதிரி. தக்கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. இரை தரையில் இழுபட்டால் மீன் தொடாது. கனமான தக்கைக்கு மாறினேன். நரம்பின் நீளத்தைக் குறைத்தேன். கழியின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்தேன். அப்படியும் பத்து எண்ணுவதற்குள் காற்று கழியைத் தூக்கிவிடும்.

பன்னிரண்டரைக்கு ஒரு படகு வந்தது. இந்த மழையிலும் அதன் சொந்தக்காரர் மஞ்சள் கோட்டில் நின்றபடி கையசைத்தார். படகு போனால் அடிச்சேறு கலங்கி, தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். சமயத்தில் அதுவே நல்லது. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

வலதுபக்கத்துக்காரரின் குடை கம்பியோடு பிய்ந்து வயலுக்குள் பறந்தது. உடம்பு வெடவெடவென்று ஆடியது. போட்டி நடத்துபவர் வந்து, “போதும், காருக்குப் போய் ஹீட்டரைப் போடு” என்று அனுப்பி வைத்தார். அவருடைய பெட்டியையும் கழியையும் இரண்டு எதிரணிக்காரர்கள் சுமந்து போனார்கள். அதற்காக இருவரும் இழந்தது பத்து நிமிடம்.

இடதுபக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளி. அவருடைய அணி எங்களுக்கு ஒரு படி கீழே. காலையிலிருந்து அவர் பெட்டியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கையுறை கிடையாது. இரண்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை, கடிகாரம் வைத்த மாதிரி, ஒரு சிட்டிகை இரையைத் தண்ணீரில் தூவிக்கொண்டிருந்தார்.

கடைசி முக்கால் மணி நேரம்

மணி இரண்டேகால். மூன்றுக்கு முடிவு. நடுக்கால்வாயை விட்டுவிட்டு, கழியைச் சுருக்கி என் கரையோரச் சரிவுக்கு வந்தேன். மண்புழுவைப் பொடியாக நறுக்கி அங்கேயே ஒரு கை போட்டேன். கலங்கிய தண்ணீரில் கண் தெரியாவிட்டாலும் மண்புழுவின் வாசனை எட்டும். கழி குட்டை என்பதால் காற்றும் அதிகம் படுத்தவில்லை.

பத்து நிமிடம் எதுவும் இல்லை. பிறகு தக்கை ஒரு பக்கமாக நகர்ந்து மெதுவாக உள்ளே போனது. ரப்பர் இழை ஒரு முழம் நீண்டது. பெர்ச்! பச்சை உடம்பில் கறுப்புப் பட்டை, முதுகில் முள் துடுப்பு. கை விறைத்துப்போய், முள்ளைக் கழற்றவே ஒரு நிமிடம் ஆனது. விசிலுக்கு முன் இன்னும் ஒரு கட்ஜன்.

பிறகு தராசு வந்தது. இங்கே இன்னமும் பவுண்டு, அவுன்ஸ்தான். ஒரு அவுன்ஸ் என்றால் 28 கிராம். என் வலையில் இருந்த ஆறு மீனும் சேர்த்து ஒன்பது அவுன்ஸ். கால் கிலோ! பக்கத்துப் பெரியவருக்கு எட்டரை அவுன்ஸ்.

அந்த அரை அவுன்ஸ் எனக்கு ஆறு புள்ளியையும் அவருக்கு ஐந்தையும் கொடுத்தது. மற்றவர்களின் கணக்கும் வந்து கூட்டிப் பார்த்தபோது எங்கள் அணி ஒரு புள்ளியில் தப்பியிருந்தது. இறங்கியது பெரியவரின் அணி.

நான் எதுவும் பேசாமல் வலையை மடித்துக்கொண்டிருந்தேன். அவரே வந்தார். “அந்த பெர்ச் எதுக்குக் கடிச்சுது?”

“மண்புழுவுக்கு.”

“கரையோரமா?”

“ஆமா.”

தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து நனையாமல் பாலித்தீனில் சுற்றிய ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பிளாஸ்க்கில் மிச்சமிருந்த தேநீரை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய வருத்தம் முகத்தில் இருந்தது. ஆனால் அவர் எழுதியது அடுத்த பிப்ரவரிக்கான குறிப்பு.

நீங்களும் போகலாம்

மான்செஸ்டரிலிருந்து சவுத்போர்ட் போகும் ரயிலில் ஏறினால் விகன் தாண்டி பர்ஸ்கோ பிரிட்ஜ் ஸ்டேஷன். அங்கிருந்து கால்வாய் நடக்கும் தூரம்தான். கரையில் நடக்கக் கட்டணம் கிடையாது. தூண்டில் போட வேண்டுமானால், 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அரசின் லைசென்ஸ் வேண்டும்; 16 வயது வரை அது இலவசம். அந்தப் பகுதி எந்தச் சங்கத்திடம் இருக்கிறதோ, அவர்கள் அனுமதியும் தேவை.

போட்டி நடந்தால் பின்னால் நின்று பார்க்கலாம். பாதையில் கழி குறுக்கே வந்தால் ஒரு நொடி நின்று வழி விடுங்கள். என்ன கிடைத்தது என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். மழை பெய்தால் போட்டி நடக்குமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். லங்காஷயரில் அதற்கெல்லாம் நின்றால், எந்த ஞாயிற்றுக்கிழமைதான் போட்டி வைப்பது?